ஹோம் ரன் அடித்தவரைத் தூக்கிச் சென்ற எதிரணி!

கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கயிற்றுக்கு மேலே பறந்துவிட்டால் பேட்ஸ்மேனுக்கு வேலை முடிந்தது. நின்ற இடத்திலேயே நிற்கலாம், ஆறு ரன் கணக்கில் ஏறிவிடும். பேஸ்பாலிலும், அதன் தங்கை என்று சொல்லத்தக்க சாஃப்ட்பாலிலும் அந்தச் சொகுசு கிடையாது. பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்தாலும், அடித்தவர் மூன்று பேஸ்களையும் வரிசையாக மிதித்துவிட்டு, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பி வர வேண்டும். நடுவில் ஒன்றை மிதிக்காமல் விட்டதை எதிரணி கவனித்து முறையிட்டால், அவுட்!

ரன்னர்களுக்கு வேறு கெடுபிடிகளும் உண்டு. பேஸ்பாலில், பிட்சர் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே ரன்னர் பேஸைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அடுத்த பேஸைத் 'திருட'ப் பார்க்கலாம் (ஆமாம், அங்கே அதற்குப் பெயரே அதுதான்). அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆடும் சாஃப்ட்பாலில் அது நடக்காது. பிட்சரின் கையைவிட்டுப் பந்து கிளம்பும்வரை ரன்னரின் கால் பேஸிலேயே இருக்க வேண்டும். பேஸ்பாலில் பேஸுக்குப் பேஸ் 90 அடி தூரம், இங்கே 60 அடிதான். முன்கூட்டியே நகரவிட்டால் திருட்டு ரொம்பச் சுலபமாகிவிடுமே!

பேஸை மிதித்தே ஆக வேண்டும் என்ற விதி, 2008 ஏப்ரல் 26 அன்று ஒரு பெண்ணைப் பாடாய்ப்படுத்தியது.

வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள எல்லன்ஸ்பர்க் என்ற ஊர். சென்ட்ரல் வாஷிங்டன், வெஸ்டர்ன் ஓரிகன் பல்கலைக்கழக அணிகள் மோதின. ஓரிகன் அணியின் சாரா டக்கோல்ஸ்கி, கடைசி வருட மாணவி. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை. அன்று அடித்தார். இரண்டு ரன்னர்கள் பேஸில் நிற்க, பந்து வேலியைத் தாண்டியது. மொத்தம் மூன்று ரன்!

சந்தோஷத்தில் ஓடியவர் முதல் பேஸை மிதிக்கவில்லை. சட்டென்று நினைவு வந்து திரும்பியபோது வலது முழங்கால் மடங்கியது. வலியோடு தவழ்ந்து வந்து முதல் பேஸைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் முடியவில்லை.

சொந்த அணியினர் கைகொடுத்தால் சாரா அவுட் என்றார்கள் அம்பயர்கள். மாற்று ஆளை முதல் பேஸில் நிறுத்தலாம், ஆனால் ஹோம் ரன் போய்விடும், இரண்டு ரன்தான் மிஞ்சும். வாழ்நாளில் அடித்த ஒரே ஹோம் ரன்னை அழிப்பதா என்று கோச் பாம் நாக்ஸ் தவித்தார்.

அப்போது எதிரணியின் மல்லரி ஹோல்ட்மன் குறுக்கிட்டார். தன் பல்கலைக்கழகத்தில் அதிக ஹோம் ரன் அடித்த சாதனை அவருடையது. 'நாங்கள் தூக்கிக்கொண்டு போகலாமா?' என்று கேட்டார். எதிரணி தூக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. மல்லரியும் லிஸ் வாலஸும் இரண்டு பக்கமும் சாராவைத் தாங்கித் தூக்கினார்கள். ஒவ்வொரு பேஸிலும் அவருடைய இடது பாதத்தை மெல்ல இறக்கித் தொடவைத்து, ஹோம் பிளேட்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூன்று ரன்னும் கணக்கில் ஏறின.

ஆட்டத்தை ஓரிகன் அணி 4-2 என்று வென்றது. தோற்ற அணிக்கு அத்தோடு பிளே ஆஃப் கனவும் போனது. மல்லரிக்கும் அதுதான் கடைசி வருடம். சாரா அவுட்டாகியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அம்பயர்கள் சொன்ன விதியே தவறு என்று பிறகு தெரிந்தது. ஹோம் ரன் அடித்தவர் காயத்தால் ஓட முடியாவிட்டால், அவருக்காக மாற்று ஆள் மிச்ச பேஸ்களை ஓடி முடிக்கலாம், ஹோம் ரன்னும் நிற்கும் என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. கிரிக்கெட்டிலும் காயம்பட்டவருக்கு 'ரன்னர்' வைக்கும் வழக்கம் இருந்ததல்லவா? சர்வதேச ஆட்டங்களில் அதை 2011-ல் எடுத்துவிட்டார்கள். அன்று எல்லன்ஸ்பர்க்கில் யாராவது புத்தகத்தைச் சரியாகப் புரட்டியிருந்தால், மாற்று ஆள் ஒருவர் ஓடி முடித்திருப்பார், மல்லரி தன் இடத்திலேயே நின்றிருப்பார்.

அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டுத் தருணத்துக்கான 'எஸ்பி' விருது இந்தச் சம்பவத்துக்குக் கிடைத்தது. சாராவின் முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. அதன் பிறகு அவர் கல்லூரி அணிக்காகக் களமிறங்கவில்லை.