‘சேஃப்டி காலேஜ்’ என்னும் இறக்குமதிச் சரக்கு

ஜூன் பிறந்தால் ஆலோசனைக் கடைகளும் திறந்துவிடுகின்றன. கல்லூரிகளை ‘ரீச், மேட்ச், சேஃப்டி’ என மூன்று கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றோ நான்கோ எழுதி, பத்துக்குள் பட்டியலை முடித்துக்கொள்ளுமாறு மாணவர்களுக்குப் போதிக்கும் காணொளிகள் என் முகநூல் சுவரை நிறைத்துக் கிடக்கின்றன. அவற்றைப் பகிர்பவர்களுள் பேராசிரியர்களும் இருப்பதால்தான் இதை எழுத நேர்கிறது. பயிற்சி மையங்கள் விற்பதை விற்கட்டும். ஒதுக்கீட்டு முறைகள் எவ்வாறு இயங்குகின்றன என்று அறிந்திருக்க வேண்டிய நாமும் அதையே ஒப்பிப்பது பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று.

இந்த முப்பிரிவு அமெரிக்கச் சேர்க்கை முறையில் பிறந்தது. அங்கே அதற்குப் பொருளும் உண்டு. அங்கு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே முடிவெடுக்கிறது. மதிப்பெண்ணோடு கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பிற ஈடுபாடுகள் ஆகியவற்றையும் எடைபோடுவதால் முடிவை முன்கூட்டிக் கணிப்பது அரிது. பல கல்லூரிகள் விண்ணப்பத்துக்குத் தனித்தனியே கட்டணம் கேட்கின்றன. ‘காமன் ஆப்’ என்னும் பொது விண்ணப்பத் தளத்தில் 20 கல்லூரிகளுக்கு மேல் சேர்க்கவும் இயலாது. அந்நிலையில் எண்ணிக்கையைச் சுருக்கி, ஆசைக்குச் சிலவும் எச்சரிக்கைக்குச் சிலவும் என்று பங்கிட்டுக்கொள்வது அறிவுடைமை.

நம்முடைய ஜோசா அவ்வாறு இயங்கவில்லை. ஐஐடிகளும் என்ஐடிகளும் முன்பு தனித்தனியே கலந்தாய்வு நடத்தின; ஒரே மாணவர் இரண்டிலும் இடம் பிடித்து ஒன்றைக் கைவிட, அவ்விடம் வெறுமனே கிடந்தது. 2015 முதல் இவற்றின் இடங்கள் ஒரே கலந்தாய்வில் ஒதுக்கப்படுகின்றன. அதன் அடித்தளம் கேல், ஷாப்லி ஆகிய இருவரும் 1962-இல் முன்வைத்த வழிமுறை. (அதற்காக 2012-இல் ஷாப்லிக்குப் பொருளியல் நோபல் கிடைத்தபோது கேல் உயிரோடு இல்லை.) அது செய்வது இவ்வளவே: உங்கள் பட்டியலின் முதல் விருப்பத்தை எடுத்துப் பார்க்கும், தரவரிசையில் உங்களுக்கு முன்னால் இருப்பவர்களால் அது நிரம்பிவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும், இப்படியே கீழிறங்கும். நூறாவது விருப்பத்துக்கு வந்துசேரும்போதும், அதையே முதலாவதாக எழுதியிருந்தால் உங்களுக்கு என்ன உரிமை இருந்திருக்குமோ அதே உரிமைதான் இருக்கும். கைக்கெட்டாத ஒன்றை மேலே எழுதியதற்குத் தண்டனை ஏதும் கிடையாது. பல சுற்றுகளும் இடமாற்ற விதிகளும் சில சிக்கல்களைச் சேர்த்தாலும், உண்மையான விருப்ப வரிசையை எழுதுவதை விஞ்சிய தந்திரம் மாணவருக்கு இல்லை என்பதே இவ்வழிமுறையைப் பற்றி நிறுவப்பட்ட முடிவு.

ஆகவே, ‘கிடைக்கக்கூடியதை முதலில் போடு’ என்ற அறிவுரை ஜோசாவைப் பொறுத்தவரை தவறானது. அது மாணவருக்கு உரிய இடத்தை அவர் கையாலேயே விட்டுக்கொடுக்கச் செய்கிறது. ‘பத்து போதும்’ என்பது அதனினும் கொடிது. விருப்பங்களை எழுதக் கட்டணம் இல்லாத இடத்தில் பட்டியலைக் குறுக்கச் சொல்வதற்கு என்ன நியாயம்?

இவ்வறிவுரையின் சுமை எல்லார்மேலும் சமமாக விழுவதில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? பெரும்பாலும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவரைப் பார்த்து. இடஒதுக்கீட்டுப் பிரிவு மாணவி ஒருத்தி, பொதுப்பிரிவின் கடைசித் தரவரிசையை மட்டும் பார்த்துத் தன் பட்டியலின் மேற்பாதியை அடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் இழப்பது, முதலில் பொது இடத்துக்கும் பிறகு தன் பிரிவின் இடத்துக்கும் பரிசீலிக்கப்படும் உரிமையை. என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவர்க்கு உரியவை. சொந்த மாநிலத்துக்கும் பிற மாநிலத்துக்குமான கடைசித் தரவரிசைகள் சில பாடங்களில் ஆயிரக்கணக்கில் வேறுபடும். 2018 முதல் பெண்களுக்கான கூடுதல் இடங்களும் உள்ளன. இவற்றை எல்லாம் சுற்றுவாரியாக ஜோசா தன் தளத்திலேயே வெளியிடுகிறது. அதைப் படித்துக் காட்டாமல் அடக்கத்தைப் போதிப்பவர், அறிந்தோ அறியாமலோ, மேலே இருப்பவர்க்குப் போட்டியைக் குறைத்துக் கொடுக்கிறார்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. அதையும் நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம். படிக்க விரும்பாத பாடத்தை, நிறுவனத்தின் பெயருக்காக மேலே எழுதும் தவறு. ஒரு சுற்றில் இடம் பெற்று ‘ஃப்ளோட்’ கொடுத்தவருக்கு, பட்டியலில் மேலுள்ள ஒன்று அடுத்த சுற்றில் கிடைத்தால் முன்னது தானாகவே கைநழுவும். கணினி நீங்கள் எழுதியதை எழுதியபடியே நம்பும். ‘சும்மா எழுதி வைத்தேன்’ என்பதை அது அறியாது.

க்யூட் தேர்வுக்கு வருவோம். 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்கு இது கொண்டுவரப்பட்டபோது, ஒரே தேர்வு மாணவரின் அலைச்சலைக் குறைக்கும் என்றார்கள். தேர்வுதான் ஒன்றாயிற்று, கலந்தாய்வு ஒன்றாகவில்லை. தேர்வு எழுதியபின் டெல்லி, பனாரஸ், ஹைதராபாத், ஜேஎன்யு என ஒவ்வொன்றின் தளத்திலும் தனித்தனியே பதிவுசெய்ய வேண்டும். இது தெரியாமல் மதிப்பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருந்த பிள்ளைகளை நான் அறிவேன். ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டணக் கெடு முடிந்தபிறகு மற்றொன்றின் முதல் பட்டியல் வரக்கூடும். பணமுள்ள வீடு இரண்டிலும் கட்டிவிட்டுக் காத்திருக்கும்; இல்லாத வீடு முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்ளும். கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி விதி சொல்கிறது. திரும்பி வரும்வரை அந்தக் கடனுக்கு வட்டி கட்டுபவர் யார்? 2015-க்கு முன் பொறியியலில் இருந்த அதே குழப்பத்தை, தீர்வு கண்முன் இருக்கும்போதே கலை அறிவியலுக்குப் புதிதாகக் கட்டி எழுப்பியிருக்கிறோம். இங்கே அமெரிக்க முப்பிரிவு உண்மையாகவே தேவைப்படுகிறது என்றால், அது நம் நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேச மறுப்பதற்கு மாணவர் கொடுக்கும் விலை.

அந்த மூன்றில் எது ‘மேட்ச்’ என்பதைத்தான் எப்படிக் கணிப்பது? 2024-இல் க்யூட் ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண், 2025-இல் 250. 2024-இல் பல பாடங்களுக்குத் தாளில் தேர்வு, மறு ஆண்டு முழுவதும் கணினியில். தரவு இப்படி ஆண்டுக்கு ஆண்டு உருமாறும்போது, சென்ற ஆண்டு மதிப்பெண்ணை வைத்து இவ்வாண்டுக்கு ஆரூடம் சொல்லும் செயலிகள் எதை விற்கின்றன? டெல்லிப் பல்கலைக்கழகம் மாதிரித் தரவரிசையை வெளியிட்டு, விருப்ப வரிசையை மாற்றிக்கொள்ள வாய்ப்பளிப்பது பாராட்டத்தக்கது.

ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் 70,000-க்கும் மேற்பட்ட இளநிலை இடங்களில், எந்த இடத்துக்கு விடுதி உண்டு என்பதை ஒதுக்கீட்டுத் தளம் சொல்வதில்லை. அதன் பெரும்பாலான கல்லூரிகளுக்கு விடுதியே இல்லை. இருப்பவற்றிலும் கல்லூரிச் சேர்க்கை முடிந்தபிறகே விடுதிச் சேர்க்கை. ஒடிசாவிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வரும் மாணவி, இருப்பிடம் எது என்று தெரியாமலே இடத்தை ஏற்கவேண்டும். பிறகு கமலா நகரிலோ விஜய் நகரிலோ பேயிங் கெஸ்ட் அறை தேட வேண்டும். கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு முறை, அறை வாடகை மாதத்துக்கு ஒரு முறை. மதிப்பெண் கணக்கில் ‘சேஃப்டி’ என்று குறித்த கல்லூரிதான் இரண்டாம் பருவத்தில் அவளை ஊருக்கு அனுப்பிவைக்கிறது. பாதுகாப்பு என்பதை ‘நுழைய முடியுமா’ என்று மட்டுமே அளப்பவர்கள் இதைக் கணக்கில் கொண்டதே இல்லை. நுழைந்தபின் மூன்றாண்டோ நான்காண்டோ தங்கிப் படித்து முடிக்க இயலுமா, வாடகை கட்டுமா, வகுப்பு நடக்கும் மொழி புரியுமா, உதவித்தொகை எந்த மாதம் கைக்கு வரும் என்பவைதான் ஒரு கல்லூரியைப் பாதுகாப்பானதாக்குகின்றன. இவை எவையும் மாணவர் முன் வைக்கப்படுவதில்லை.

‘மாணவர்கள் யதார்த்தமாக இருக்க வேண்டும்’ என்று பதிவிடும் ஆசிரியப் பெருமக்களுள் பலர் சேர்க்கைக் குழுக்களில் இருக்கிறீர்கள். உங்கள் கல்லூரியில் வெளியூர் மாணவிகளுக்கு எத்தனை விடுதி இடங்கள் உள்ளன? சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முதலாண்டிலேயே விலகினார்கள், எந்தப் பிரிவினர்? இரண்டும் உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. விருப்பங்களை நிரப்பும் பக்கம் திறக்கும் முன் அவற்றைக் கல்லூரித் தளத்தில் ஏற்றுங்கள். ‘ரீச், மேட்ச், சேஃப்டி’ படத்தைப் பகிர்வதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.