பரணில் கிடக்கும் செட்டிநாட்டுச் சரித்திரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் உடைமைகள் விலைக்குக் கிடைக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண், சிற்பவேலைக் கதவு, எனாமல் தூக்குவாளி, ரவிவர்மா படம் என எல்லாவற்றுக்கும் வாங்குபவர் உண்டு. வீடு பிரிக்கப்படும் செய்தி கேட்டதும் விலை பேச ஆள் வந்துவிடுகிறது. அதே வீட்டின் பரணில் இருக்கும் பேரேடு, ஐந்தொகை, கடிதக் கட்டு, மேலாளுக்கு எழுதிய சம்பளச் சீட்டு, திருமணத்தின்போது எழுதப்பட்ட இசைகுடிமானம், மொய்ப்பண ஏடு ஆகியவற்றைக் கேட்பாரில்லை. அவை பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன, அல்லது கரையானுக்கு.

இது ஒரு சமூகத்தின் வீட்டு விவகாரம் அன்று. 1930களின் பெருமந்தத்தில் நெல்விலை சரிந்து, செட்டிநாட்டுச் செட்டியார்களின் வட்டிக்கடைகளில் வாங்கிய கடனைத் திருப்பித் தர முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் கைமாறின. 1938க்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார் கடைகளின் வசம் வந்திருந்தது. அந்நாட்டு அரசியலையே திருப்பிப்போட்ட நிகழ்வு இது. இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேய அரசின் விசாரணைக் குழு அறிக்கைகளையே நம்பி எழுதினார்கள். எந்தக் கடை எந்த ஊரில் யாருக்கு என்ன வட்டிக்குக் கொடுத்தது, வசூல் நின்றபோது ஊரிலிருந்த முதலாளி என்ன எழுதினார், கடல் கடந்து கொண்டுவிற்கப் போன இளைஞன் வீட்டுக்கு எதை மறைத்து எழுதினான் என்பதெல்லாம் தமிழில், தமிழ் எண்களில் எழுதப்பட்ட அந்தக் கணக்குகளிலும் கடிதங்களிலும்தான் இருக்க முடியும். மலேயா, இலங்கை வணிகத்துக்கும் இதுவே பொருந்தும். அவற்றை இழந்தால் நம் மக்களைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த சாட்சியம் மட்டுமே மிஞ்சும்.

இத்தகைய இழப்பைத் தடுக்க ஒரு தனிமனிதரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குச் சான்றும் இதே மண்ணில்தான் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய கடைகளிலும் வீடுகளிலும் தேடித் தேடி நூல்களோடு நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ் என்று பிறர் குப்பையாகக் கருதியவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது சேகரிப்பு ஒரு லட்சம் உருப்படிகளை நெருங்கியிருந்தது. அதில் பாதி நூல்கள். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனாலும் கப்பலேற்றவில்லை. மூலங்கள் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன; படச்சுருள் பிரதிதான் வெளிநாடு போனது. மூலம் மண்ணில் இருக்கட்டும், பிரதி உலகத்துக்குப் போகட்டும் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் எல்லா வட்டாரச் சேகரிப்புகளுக்கும் விதியாக்க வேண்டும் என்கிறோம். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கோட்டையூர்ப் பள்ளி மாணவர் தம் ஊர்ச் சேகரிப்பைப் பார்க்க இன்று சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டையிலும் கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதியர் தங்கள் சொந்த உழைப்பில் ஞானாலயா என்ற நூலகத்தை உருவாக்கினார்கள். தனிமனிதர்களின் வாழ்நாளையே எத்தனை காலத்துக்கு நம்பிக்கொண்டிருப்பது?

சிவகங்கை மாவட்டத்தின் பழமைக்கு அரசு செலவு செய்யாமல் இல்லை. 2023 மார்ச்சில் கீழடி அகழாய்வுப் பொருள்களுக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் பானை ஓடு இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் பொறுத்திருக்கும். மரக்கூழில் செய்த தாளுக்கு நூறு வயதே அதிகம்; மடித்த இடத்தில் ஒடியும், தொட்டால் உதிரும். அவசரம் எதற்கு அதிகம் என்று யோசித்தால் காகிதத்துக்குத்தான்.

காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே செட்டிநாட்டு வட்டார ஆவணக் காப்பகம் ஒன்றை அரசு தொடங்க வேண்டும். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் வழி செய்திருக்கிறது. வட்டார ஆவணங்களைக் காக்க அந்த வரியில் ஒரு பங்கை ஒதுக்குவது மக்கள் பணத்தை மக்களுக்கே செலவிடுவதாகும். ஆவணங்களைப் படியெடுத்து வன்தட்டில் பூட்டிவைப்பதோடு வேலை முடிந்துவிடாது. எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய ஏடு என்ற விவரப் பட்டியல் இல்லாத படங்கள் பரணில் கிடக்கும் கட்டுகளுக்குச் சமம். தமிழ் எண்களையும் பழைய கணக்கு முறையையும் படிக்கத் தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களை உட்காரவைத்து இளைஞர்களுக்குக் கற்பிப்பது கருவி வாங்குவதைவிட முந்திய வேலை. பட்டியலும் பிரதியும் யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும்.

ஏடுகளைக் கொடுத்தால் பழைய கடனும் பாகப் பிரிவினையும் ஊர் வாயில் விழும் என்று குடும்பங்கள் தயங்குவது நியாயமே. உரிமை குடும்பத்திடமே இருக்கட்டும்; இன்னின்னதை இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கவும் வழி இருக்கட்டும். பூட்டிவைத்தாவது காப்பாற்றலாம், எடைக்குப் போட்டதை மீட்க முடியாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எழுதத் தெரிந்தவர்களின், பெட்டகம் வைத்திருந்தவர்களின் காகிதங்கள் மட்டும் செட்டிநாட்டின் வரலாறு ஆகிவிடாது. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் சுவர் பூசிய கொத்தனார், ஆத்தங்குடித் தரைக்கல் வார்த்தவர், கண்டாங்கிச் சேலை நெய்தவர், விசேஷ வீடுகளில் சமைத்தவர் ஆகியோரின் கூலிக் குறிப்புகள் அந்தப் பேரேடுகளுக்குள்ளேயே ஒரு வரியாக இருக்கக்கூடும். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொல்வதைப் பதிவுசெய்வதும் காப்பகத்தின் முதல் நாள் வேலைகளில் ஒன்றாக வேண்டும்.

வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு இதற்கு நிதி ஒதுக்க வேண்டும். அதுவரை வீட்டைப் பிரிக்கும் குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான்: தூணை விற்றாலும் ஏட்டை விற்காதீர்கள், வைக்க இடமில்லையென்றால், பாதுகாக்க முன்வரும் பக்கத்து நூலகத்திடமோ கல்லூரியிடமோ ஒப்படையுங்கள்.