அந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன்?

"கேட்டியளா அக்கா, எங்க வீட்டுக்கு வேலைக்கு வாறவளோட பிள்ளைக்கு மாசம் தவறாம வயித்தால போகுது. சுத்தமா இருக்கத் தெரியாதோ என்னவோ!" என்று நாகர்கோவில் சகோதரி ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

நம் வீட்டுப் பாத்திரங்களைப் பளபளவென்று தேய்த்து வைக்கிறாளே, அவளுக்கா சுத்தம் தெரியாது? நகரத்தில் முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வந்து நம் தொட்டியை நிறைக்கிறது. கடற்கரைப் பக்கம் பல இடங்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். வீட்டுக் குழாய் இல்லாதவர்களுக்குக் குடத்தில் பிடித்து வைத்ததுதான் தண்ணீர். "சோறும் பொங்கணும், குடிக்கவும் வேணும். மிச்சம் இருந்தாத்தானே அக்கா கை கழுவ?" என்று ஒரு தாய் என்னிடமே கேட்டாள். குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கை சோப்பைப் பார்க்காமல் குடத்துக்குள் போனால், அந்த வீடு முழுவதற்கும் பேதிதான். கொதிக்க வைத்துக் குடி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விறகும் காஸும் யார் தருவது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர், அந்நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை 3 வயது வரை கவனித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை 6 மாதம் நிறையும் முன்பே ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்றிய குழந்தைகளுக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி, இங்கே மூன்று முறை தொற்றியும் முழுதாகக் கிடைக்கவில்லை. இதற்கான சொட்டு மருந்து ஒரு காலத்தில் காசு கொடுப்பவர்களுக்குத்தான். தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். 6, 10, 14-ஆவது வாரங்களில் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவளின் கைக்குழந்தைக்குப் போட்டாயிற்றா என்று கேட்டுப் பாருங்களேன்.

வந்துவிட்டால் வைத்தியம் ஒன்றும் பெரிதல்ல. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை 1 லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். ஆனால் கரண்டி கரண்டியாக ஊட்ட ஒருத்தி மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமே! முந்திரி ஆலைக்கோ நம் வீட்டுக்கோ போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்றால் அவள் எப்படி உட்காருவாள்? பிள்ளைக்கு முடியாத இரண்டு நாளைக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் லீவு கொடுங்கள். பிடி வைத்த சிரட்டை அகப்பை ஒன்றும், மூடியுள்ள குடம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. உள்ளே கை படாமல் மொள்ளலாம்.

கண் குழி விழுந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, யார் வீட்டுப் பிள்ளையானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ, உடனே ஆட்டோ பிடியுங்கள். அந்த ஆட்டோ காசு அவளிடம் இருக்காது.