இரண்டு விழுக்காடு: தருமமா, கடனா?

ஆந்திர எல்லையிலுள்ள பிச்சாட்டூர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தில், சத்தியவேடு வட்டாரத்தில், பன்னாட்டு ஆலைகள் நிறைந்த ஸ்ரீசிட்டி இருக்கிறது. பெருந்தொழில் வந்த ஊர்களிலெல்லாம் இன்று ஒரு காட்சி உண்டு: பள்ளிக்கு மேசை, தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி, அதன்மேல் நிறுவனத்தின் பெயர். இதற்கு "நிறுவன சமூகப் பொறுப்பு" என்று பெயர். கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. கொடுப்பவர் வள்ளல், வாங்குபவர் இரவலர் என்ற எண்ணம் வேரூன்றுவதையே எதிர்க்கிறோம்.

வரலாறு சொல்வது என்ன? சித்தூர்ச் சீமையும் சென்னை மாகாணத்தில் இருந்த காலம் அது. சென்னையில் பின்னி ஆலை நிர்வாகம் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. ஆனால் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்தக் கருணை எங்கே போயிற்று? சங்கத் தலைவர் வாடியா மீது நிர்வாகம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1921 வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் துப்பாக்கிகள் வெடித்தன. பள்ளி தர மனம் இருந்தது. உரிமை தர மனம் இல்லை. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு 1926-இல்தான் வந்தது.

எல்லா முதலாளிகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் 1912-இலேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. ஆனால் நல்ல முதலாளி கிடைப்பது தொழிலாளியின் அதிர்ஷ்டமாக இருக்கலாமா?

கொடைக்கானலைப் பாருங்கள். 1983-இல் தொடங்கிய வெப்பமானி ஆலை, பாதரசக் கழிவு வெளியே போனது அம்பலமானதும் 2001-இல் மூடப்பட்டது. மூடப்பட்டபோது அது, இன்று இந்துஸ்தான் யூனிலீவர் எனப்படும் நிறுவனத்தின் வசம் இருந்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். பதினைந்து ஆண்டுகள்! அதுவும் தானாக வந்ததன்று, போராடிப் பெற்றது.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் — இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டும் செய்யும் செலவு இந்தக் கணக்கில் சேராது. ஆக, கூலியும் சேமநிதியும் மருத்துவக் காப்பும் தனிக் கடன். ஊருக்குத் தொட்டி கட்டியதைக் காட்டி அந்தக் கடனைத் தள்ளிப்போட முடியாது.

ஆலை இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. அது கட்டாயமல்ல, வழிகாட்டுதலே என்று 2021-இல் அரசு விளக்கியது. அப்படியானால் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவன் எங்கே நிற்கிறான்? ஆலை ஊரில் அவன் அந்நியன். அவனை வளர்த்து அனுப்பிய கிராமமோ ஆலையின் வட்டாரமே அல்ல. லாபத்தில் மட்டும் அவனுடைய வியர்வை இருக்கிறது.

எனவே நாம் கேட்பது மூன்று. முதலில் சட்டப்படியான கூலியும் காப்பும் ஒப்பந்தத் தொழிலாளி வரை சேரட்டும். அடுத்து, நிறுவனங்கள் இணையத்தில் வெளியிடக் கடமைப்பட்ட செலவுத் திட்டங்கள், தெலுங்கிலும் தமிழிலும் கிராம சபையில் படிக்கப்படட்டும். மூன்றாவதாக, தொழிலாளர் குடியிருக்கும் தெருவும் அவர்கள் விட்டுவந்த ஊரும் வட்டாரக் கணக்கில் சேரட்டும்.

இரண்டு விழுக்காட்டுக்குக் கைதட்டும் முன், மீதித் தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்று கேட்போம். கேட்பது நம் உரிமை!