"டோ!" என்றொரு சொல்

கார்ட்டூன் பார்த்தால் மொழி கெடும் என்பர் பெரியோர். தோழியரே, 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய "தி சிம்ப்ஸன்ஸ்" தொடரில், காரியம் கெட்டதும் ஹோமர் கத்தும் "டோ!"வை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். கதை எழுதியோர் தாளில் "எரிச்சலான முனகல்" என்றே குறித்தனர். குரல் கொடுத்த டான் காஸ்டெல்லனெட்டா, லாரல்–ஹார்டி படங்களின் வழுக்கைத் தலையர் ஜேம்ஸ் ஃபின்லேசனின் நீண்ட "டோ...ஓ"வை எடுத்துக்கொண்டார். தொடரைப் படைத்த மாட் க்ரேனிங்கோ, கார்ட்டூனுக்கு இத்தனை இழுவை ஆகாது என்றார். சுருங்கியதில்தான் சிரிப்பு! 2001இல் ஆக்ஸ்போர்டு அகராதியிலும் அது இடம்பெற்றது. பிறரை மட்டம் தட்டும் வேடிக்கைப் பேச்சு (நம் வகுப்பிலும் உண்டு!) ஏராளம். ஹோமரின் "டோ!" பெரும்பாலும் தன் மடத்தனத்தையே நொந்துகொள்கிறது. ஆனால் மகன் பார்ட்டின் கழுத்தை அவர் நெரிக்கும் காட்சிகளை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை.