கேமரா இல்லாமலும் படம் எடுக்கலாம்

தேனிப் பக்கம் குறும்படம் எடுக்கிற பையன்களிடம் அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள். "சென்னைக்குப் போகணும் சார்" என்பார்கள். தப்பில்லை. அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா போனார், அவர் பின்னால் எத்தனையோ பேர் போனார்கள். ஆனால் குறும்படம் இப்போது தயாரிப்பாளரிடம் நீட்டும் விசிட்டிங் கார்டாகிவிட்டது. ஒரு காதல், ஒரு அரிவாள், கடைசியில் ஒரு திருப்பம். உள்ளூர்ப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். கையால் கீறியோ, வரைந்தோ, பொருளை நகர்த்தியோ செய்த படம் ஒன்றுகூட வருவதில்லை. அதற்கென்று ஒரு பரிசுப் பிரிவே இல்லாதபோது எப்படி வரும்?

நான் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சித்தப்பா கம்பத்தில் தியேட்டர் ஆபரேட்டர். அறுந்த பிலிமை அவர் ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முனையை எச்சில் தொட்டு ஈரமாக்கி, பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டுவார். நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் பிலிம் சிமெண்ட் தடவி அழுத்துவார். ரீல் முடியப்போகிறது என்று தெரிய மூலையில் ஊசியால் ஒரு கீறல் போடுவார். திரையில் அது மின்னி மறையும். ஜனங்கள் கவனிக்க மாட்டார்கள். எனக்குக் கதாநாயகனைவிட அந்தக் கீறல்தான் பிடிக்கும்.

நார்மன் மெக்லாரன் என்ற கனடாக் கலைஞர் அந்தக் கீறலையே முழுப் படமாக்கினார். கறுப்பு பிலிமில் ஊசியாலும் கத்தியாலும் நேரடியாகக் கீறி அவர் செய்த 'பிளிங்கிட்டி பிளாங்க்', 1955-ல் கான் விழாவில் குறும்படத்துக்கான உயரிய விருதை வாங்கியது. நொடிக்கு 24 கட்டம். ஒவ்வொன்றும் சின்னத் தபால்தலை அளவு. ஒரே பறவையை அடுத்தடுத்த கட்டத்தில் கீறும்போது கோடு கொஞ்சம் பிசகத்தான் செய்யும். அந்தப் பிசகுதான் திரையில் துடிப்பாகிறது. பல கட்டங்களைக் கறுப்பாகவே விட்டுவிட்டார், மிச்சத்தை நம் கண் பார்த்துக்கொள்கிறது. பிலிமின் ஓரத்தில் ஒலி பதியும் பட்டையையும் விடவில்லை. அங்கே போட்ட கீறல்கள் சத்தமாகக் கேட்டன. இதே மனிதர் 1949-ல் யுனெஸ்கோ சார்பில் சீனக் கிராமப்புறத்துக்குப் போய், சுகாதாரப் பிரசாரத்துக்குப் படம் செய்ய உள்ளூர் ஓவியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அதனால் இதைப் பணக்கார நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

நம் ஆட்களும் சளைத்தவர்களில்லை. பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்த அதே 1977-ல், அகமதாபாத் என்.ஐ.டி.யிலிருந்து கனடா போன இஷு படேல், பாசிமணிகளைக் கையால் நகர்த்தி நகர்த்தி 'பீட் கேம்' எடுத்தார். ஒரு மணி பெருகி உயிராகி, ஒன்றையொன்று விழுங்கி, அணுகுண்டு வரை போகும் படம், ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. பிலிம்ஸ் டிவிஷனில் பிரமோத் பதி, ஓவியர் அபித் சூர்த்தியையே பொம்மை மாதிரி கட்டம் கட்டமாக நகர்த்தி 'அபித்' எடுத்தார். அதுவும் அரசாங்கக் காசில்! (மெயின் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் படம் ஓடும்போது நாங்கள் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருப்போம்.) கீதாஞ்சலி ராவின் 'பிரிண்டட் ரெயின்போ' 2006-ல் கானில் பரிசு பெற்றது. தீப்பெட்டிப் படங்களுக்குள் புகுந்து ஊர் சுற்றும் ஒரு பாட்டியின் கதை. தீப்பெட்டி செய்யும் சிவகாசி எங்களுக்கு எட்டுகிற தூரம்தான். இருந்தும் இந்தப் படத்தின் பெயரைக்கூட இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதில் சோறு கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை இருக்கிறதே என்றும் சொல்வார்கள். அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பலருக்குக் கிடைப்பது ரோட்டோ வேலை. யாரோ எடுத்த படத்தில் யாரோ ஒருவரின் உருவத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகக் கோடு போட வேண்டும். மாதச் சம்பளம் வரும். தனக்கென்று ஒரு கோடு அதில் வராது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. நல்ல படங்களாகத்தான் போடுகிறார்கள். ஒரு மாதம் 'பீட் கேம்' போடட்டும். மறுவாரம் பிள்ளைகளையே செய்யச் சொல்லட்டும். கீழே பல்பு, மேலே கண்ணாடிப் பலகை, செங்கல் அடுக்கி அதில் ஒரு செல்போன். பாசிமணி எதற்கு? போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களின் பிள்ளைகளுக்குக் காயை உருட்டச் சொல்லித்தரவா வேண்டும்? விடியுமுன் கம்பமெட்டு ஏறி இடுக்கித் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பை ஏலக்காயால் செய்து, கண்ணாடிமேல் மலை ஏற்றட்டும். நொடிக்கு 12 படம் எடுத்தால் போதும், ஒரு நிமிடத்துக்கு 720. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் தலைக்குப் பதினெட்டு.

இதை நடத்த ஓவிய ஆசிரியர் வேண்டும். ஓவியம் போன்ற பாடங்களுக்கு 2012-ல் வாரத்துக்கு மூன்று அரைநாள் என்று நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடுகிறார்கள். இந்த வேலையை அவர்கள் தலையில் கட்டுவதென்றால், முதலில் அவர்களைப் பணி நிரந்தரம் செய்துவிட்டுக் கட்டுங்கள்.