நாலு அறை விட்டால் கதை முடிந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமல் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் 'மெக்ரே' என்ற பிரெஞ்சுத் துப்பறியும் தொடரைப் பாருங்கள் என்று இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். புதுச்சேரியில் இருக்கிற எங்கள் சம்பந்தி வீட்டார் பிரான்சிலிருந்து கொண்டுவந்த டிவிடி அது. பேச்சு பிரெஞ்சு, கீழே ஆங்கில எழுத்து ஓடும். "ரொம்ப ஸ்லோ டீச்சர்", "தூக்கம் வருது அத்தை" என்றெல்லாம் பதில் வந்தது. அது அவரவர் ருசி, விட்டுவிடலாம். ஆனால் ஒரு தம்பி எழுதினான்: "அந்த ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்து நாலு அறை விட்டா அஞ்சு நிமிஷத்துல கதை முடிஞ்சிடும் டீச்சர்." அவன் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தவள் நான். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. அதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் யார் இந்த மெக்ரே என்று தெரியாதவர்களுக்காக. ஜோர்ஜ் சிமெனோன் என்ற எழுத்தாளர், பெல்ஜியத்தில் 1903-ல் பிறந்தவர், உருவாக்கிய பாரிஸ் போலீஸ் அதிகாரி. 1931-லிருந்து 1972 வரை 75 நாவல், அதுபோக 28 சிறுகதை. பிரெஞ்சுத் தொலைக்காட்சி 1967-ல் இவரைப் பிடித்தது, விடவேயில்லை. ழான் ரிஷார் என்ற நடிகர் 1990 வரை 88 படங்களில் மெக்ரேயாக வந்தார். அடுத்த வருஷமே புருனோ கிரெமர் அந்த இடத்துக்கு வந்து 2005 வரை 54 படங்கள் நடித்தார். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஒரு தேசம் ஒரே போலீஸ்காரரை வீட்டுக்குள் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறது.

அவர் என்ன செய்கிறார்? ஓடுவதில்லை, பறப்பதில்லை. தடித்த உடம்பு, கனமான கோட்டு, வாயில் பைப். செத்துப்போனவரின் அறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் என்ன சாப்பிட்டார், யாருக்குக் கடிதம் எழுதினார், ஜன்னல் வழியே எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று யோசிப்பார். கீழ்த்தளத்தில் வாசலைப் பார்த்துக்கொள்கிற பாட்டியிடம் பேசுவார். தெருமுனைக் கடையில் ஒரு கிளாஸ் குடித்துக்கொண்டே கடைக்காரர் வாயைக் கிளறுவார். இப்படி நாலு நாள் சுற்றினால் செத்தவர் நமக்குத் தெரிந்தவராகிவிடுகிறார். அப்புறம் கொன்றவரும் தெரிந்துவிடுகிறார். பல கதைகளில் கடைசியில் கையில் விலங்கு மாட்டும்போது நமக்குச் சந்தோஷமே வராது, வயிற்றில் ஏதோ பிசையும். எனக்கு இந்தத் தொடர் பிடித்ததற்குக் காரணம் அந்தப் பிசைவுதான். யார் செய்தார் என்கிற புதிருக்காக மட்டும் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல தொடர்கள் எத்தனையோ உண்டு.

1931-ல் வந்த ஒரு நாவலைச் சொல்கிறேன். 'ஒரு மனிதனின் தலை' என்று அதன் தலைப்புக்கு அர்த்தம். இரட்டைக் கொலை. பூக்கடையில் டெலிவரி செய்கிற ஒரு ஏழைப் பையனுக்கு மரண தண்டனை விதித்தாயிற்று. சாட்சியம் எல்லாம் பக்கா. பிடித்துக் கொடுத்ததே மெக்ரேதான். ஆனாலும் அவருக்குள் ஏதோ இடிக்கிறது, இவன் செய்திருக்க மாட்டான் என்று. மேலதிகாரிகளிடம் மன்றாடி, தன் வேலையையே பணயம் வைத்து, அந்தக் கைதி சிறையிலிருந்து தப்பிப்போக அவரே வழிசெய்துவிட்டு, பின்னாலேயே போய் உண்மையைத் தேடுகிறார். தான் மூடிய கோப்பைத் தானே திறக்கிற போலீஸ்காரர்! நம் சினிமாவில் இப்படி ஒரு கதாநாயகனைக் காட்டினால் ரசிகர்கள் இடைவேளையிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

நம்மவர்கள் எப்படி? 'சாமி' வந்தது 2003-ல், 'காக்க காக்க' அதே வருஷம், 'சிங்கம்' 2010-ல். பாட்டு நன்றாயிருக்கும், வசனம் தூள், நானும் தியேட்டரில் பார்த்தவள்தான். ஆனால் அதிலெல்லாம் யார் குற்றவாளி என்கிற கேள்வியே கிடையாது. அது நமக்கு முதல் காட்சியிலேயே தெரியும். பாக்கியிருப்பது எப்போது அடிப்பார், எப்போது சுடுவார் என்பது மட்டும்தான். இருபது வருஷமாக இதையே பார்த்துப் பார்த்து, விசாரணை என்றால் அடி என்று நம் மண்டையில் பதிந்துவிட்டது.

படம் வேறே, வாழ்க்கை வேறே என்கிறீர்களா? 2019 டிசம்பர் 6, ஹைதராபாத். ஒரு பெண் கால்நடை மருத்துவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ் மேல் பூத்தூவினார்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அன்றைக்குப் பூங்கொத்து மழைதான். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் என்ன சொன்னது தெரியுமா? கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது. நாலு பேரில் மூன்று பேருக்குப் பதினெட்டு வயதுகூட ஆகவில்லை என்றது. அந்த அறிக்கையை யாரும் குழுவில் பகிரவில்லை.

அடித்தால் உண்மை வரும் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் வகுப்பறையில் நின்று பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவள் சொல்கிறேன். ஜாமெட்ரி பாக்ஸ் காணோம் என்றால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற பையன் ஒருத்தன் எல்லா வகுப்பிலும் உண்டு. கிழிந்த பை, எண்ணெய் காணாத தலை, அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள். பிரம்பைக் காட்டினால் எடுக்காததையும் எடுத்தேன் என்பான். எங்கே வைத்தாய் என்றால் வாய்க்கு வந்த இடத்தைச் சொல்வான். அங்கே இல்லையென்றால் மறுபடி அடி. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பேர் வேண்டாம்) சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் காணோம் என்று ஒரு பையனை அடித்தார்கள். ஒப்புக்கொண்டான். அவன் அம்மா கடன் வாங்கிக் கட்டியும்விட்டாள். இரண்டு வாரம் கழித்துப் பணம் ஒரு பதிவேட்டின் அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. அதற்குள் பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தான்.

இதை வெள்ளைக்காரனே தெரிந்து வைத்திருந்தான். 1872 சாட்சியச் சட்டம், 25-வது பிரிவு: போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், கொடுத்தவருக்கு எதிராகச் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்தும் 23-வது பிரிவாக அதே விதி இருக்கிறது. ஏன் செல்லாது? எப்படி வாங்குவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் ஒரு கூலிக்காரரை நகைத் திருட்டு என்று கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், ஆள் திரும்பவில்லை. வழக்கறிஞர் சந்துரு அவருடைய மனைவிக்காக வாதாடியதைத்தான் 'ஜெய் பீம்' படத்தில் பார்த்து எல்லாரும் அழுதீர்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி. அதே நகை காணோம் புகார், அதே 'விசாரணை'. பிரேதப் பரிசோதனையில் 40-க்கும் மேற்பட்ட காயம். இரண்டுக்கும் நடுவில் முப்பத்திரண்டு வருஷம். 'நாலு அறை' என்று எழுதுகிறவன் நாலோடு நிற்கும் என்று எதை வைத்து நம்புகிறான்?

நம் பக்கத்தில் துப்புக் கிடைக்காத திருட்டு என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று கேட்க வேண்டுமா? திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி ஐயா பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்றை எதற்காக ஆரம்பித்தார்? வேலையில்லாமலா? சந்தேகச் சாவு என்றால் பிரேதம் வருவது நம் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு. பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற சனங்களைப் பார்ப்பேன். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்க ஒருத்தராவது வேண்டாமா?

மெக்ரேயையும் நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. ராத்திரி முழுக்க, ஆள் மாற்றி ஆள், தூங்கவிடாமல் கேள்வி கேட்பதெல்லாம் அவர் ஆபீசிலும் நடக்கிறது. சந்தேக ஆசாமிக்கும் சாண்ட்விச்சும் பீரும் வருகிறது என்பதால் அது நல்ல காரியமாகிவிடாது. இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. அந்த மெக்ரே அம்மா இருக்கிறாரே, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஜன்னலருகே காத்துக்கொண்டேயிருக்கிறார். நாற்பது வருஷத்தில் ஒரு நாளாவது அந்த மனிதர் பாத்திரம் தேய்த்திருக்கலாம்.

"வெள்ளைக்காரன் கதை நமக்கெதுக்கு" என்று கேட்ட மச்சானுக்கு: நம்மிடம் இல்லாததா? தேவனின் சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடித்துக்கொண்டே யோசிப்பார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். லாக்கப்பும் லத்தியும் இவர்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. மாத நாவலை பஸ் ஸ்டாண்டில் வாங்கி ரயிலில் படித்து முடித்த தலைமுறை நாங்கள். 1993-ல் தூர்தர்ஷன் ஒரு வங்காள எழுத்தாளரின் கதைகளை எடுத்து 'பியோம்கேஷ் பக்ஷி' என்று போட்டது. பாசு சாட்டர்ஜி இயக்கம், ரஜித் கபூர் நடிப்பு. வேட்டி கட்டிய மனிதர் உட்கார்ந்து யோசிப்பதை இந்தியே தெரியாத எங்கள் வீடு வாய் பிளந்து பார்த்தது. கணேஷ்–வசந்தை அப்படி நாற்பது வாரம் ஒழுங்காக எடுக்க ஒரு சேனலுக்கு மனசு வரவில்லையே! மாமியார் சீரியலுக்கு ஆயிரம் பகுதி ஒதுக்குகிறார்கள்.

பிரெஞ்சுத் தொடர் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 2016, 2017-ல் இங்கிலாந்துக்காரர்கள் மெக்ரேயை நாலு படமாக எடுத்திருக்கிறார்கள். மெக்ரேயாக வருவது உங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த மிஸ்டர் பீன், ரோவன் அட்கின்சன். முதல் பத்து நிமிஷம் இவர் எப்போது தடுக்கி விழுவார் என்று காத்திருப்பீர்கள். விழமாட்டார். பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், எழுத்துப்பிழை இல்லாமல்.